மூன்று வயதின் முதல் தேர்வு: தில்லி மழலையர் சேர்க்கையின் வரலாறு

இந்தியாவில் ஒருவர் தம் வாழ்வில் சந்திக்கும் முதல் தேர்வு எது என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். தில்லியில் 1980களிலும் 1990களிலும் பிறந்த நடுத்தர வர்க்கக் குழந்தைகள் பலருக்கு அந்த முதல் தேர்வு மூன்று, நான்கு வயதிலேயே நடந்து முடிந்துவிட்டது. முன்பின் அறியாத ஓர் அறையில், முன்பின் அறியாத ஓர் ஆசிரியையின் முன் அமர்ந்து, சிவப்பு எது, வட்டம் எது, படத்தில் இருக்கும் விலங்கின் பெயர் என்ன என்ற கேள்விகளுக்கு அவர்கள் விடை சொன்னார்கள். சிலர் அழுதார்கள். சிலர் வாய் திறக்கவேயில்லை. நர்சரி வகுப்பில் இடம் உண்டா இல்லையா என்பது அந்தச் சில நிமிடங்களில் தீர்மானிக்கப்பட்டது.

இன்று அந்த நேர்காணல் தில்லியில் அனுமதிக்கப்படுவதில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் நர்சரி விண்ணப்பங்கள் வெளியாகும்போது பெற்றோரின் பதற்றம் சற்றும் குறைந்தபாடில்லை. தேர்வு ஒழிந்த பின்னும் ஆயத்தம் ஏன் ஒழியவில்லை? இக்கேள்விக்கான விடை, அந்தத் தேர்வு உண்மையில் யாரைச் சோதித்தது என்பதில் அடங்கியிருக்கிறது.

*

கல்வியின் வாசலில் குழந்தையை நிறுத்திச் சோதிப்பது இந்நாட்டின் பழைய வழக்கம் அன்று. விசயதசமியன்று பெரியவர் மடியில் குழந்தையை அமர்த்தி, பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து எழுதவைக்கும் ஏடு தொடங்கும் சடங்கில் குழந்தை எதையும் அறிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. அறியாமையோடு வருவதே அங்கு இயல்பு. அந்தச் சடங்கின் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பது வேறொரு பெரிய வரலாறு. அங்கு விலக்கியது பிறப்பு. குழந்தையின் திறமை அங்கு ஒரு காரணமாகச் சொல்லப்படவில்லை.

குழந்தையின் அறிவை அளக்கலாம் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் உருப்பெற்றது. 1905இல் ஆல்பிரெட் பினேயும் தியோடர் சிமோனும் உருவாக்கிய அளவுகோலின் நோக்கம், வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனி உதவி அளிப்பதாகும். அந்த அளவுகோல் விரைவிலேயே இந்தியாவுக்கும் வந்தது. லாகூரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ் அதனை இந்துஸ்தானிக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி 1929இல் நூலாக வெளியிட்டார். மராத்தி, கன்னடம் பேசும் குழந்தைகளுக்காக வி. வி. காமத் செய்த தழுவல் 1940இல் நூலாயிற்று. உதவி தேவைப்படும் குழந்தையை உள்ளே கொண்டுவருவதற்காகப் பிறந்த கருவி, அரை நூற்றாண்டு கழித்துப் பள்ளி வாசலில் அதே குழந்தையைத் திருப்பி அனுப்பும் கருவியின் சாயலைப் பெற்றது.

இந்திய மழலையர் கல்வியின் முன்னோடிகள் நடந்த பாதையோ முற்றிலும் வேறானது. 1920இல் பாவ்நகரில் பாலமந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, குழந்தையைத் தண்டனையிலிருந்தும் தேர்வு அச்சத்திலிருந்தும் விடுவிப்பதையே தம் பணியாகக் கொண்டார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி, சிறு குழந்தையை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதை ஏற்கவில்லை. விந்தை என்னவெனில், பிற்காலத்தில் நேர்காணல் நடத்திக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையிலும் மாண்டிசோரியின் பெயர் இடம்பெற்றிருந்தது.

*

ஆகவே தில்லியின் பள்ளி வாசலுக்கு நேர்காணலைக் கொண்டுவந்தது குழந்தை உளவியல் அன்று; இடப் பற்றாக்குறையே. 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். 1981இல் அது 62 லட்சமாகவும், 2001இல் ஏறத்தாழ 1 கோடியே 38 லட்சமாகவும் உயர்ந்தது. பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியவர்கள், நாடெங்கிலுமிருந்து பணிமாற்றத்தில் வந்த அரசு ஊழியர்கள், வணிகர்கள் ஆகிய எல்லோருக்கும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லத்தக்க உறுதியான சொத்தாக ஆங்கிலவழிக் கல்வியே தோன்றியது. நிலத்தை இழந்து வந்தவர்களுக்கும், பரம்பரை நிலமே இல்லாத சம்பளக்காரர்களுக்கும் பள்ளிச் சான்றிதழ்தான் பட்டா.

1957இல் அமைக்கப்பட்ட தில்லி வளர்ச்சி ஆணையம், புதிய குடியிருப்புகளில் பள்ளி நடத்தும் சங்கங்களுக்குச் சலுகை விலையில் நிலம் ஒதுக்கியது. அந்த ஒதுக்கீடுகள் பலவற்றில், அப்பகுதியில் வசிக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி இடம் மறுக்கக்கூடாது என்ற நிபந்தனையும் எழுதப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகள் கோப்புகளில் உறங்கிய அந்த ஒற்றை வரி, பிற்காலத்தில் நீதிமன்றப் போராட்டத்தின் மையப் பொருளாக மாறவிருந்தது.

இதற்கிடையே 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, இந்தியப் பள்ளிகள் சமூகத்தை இணைப்பதற்கு மாறாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன என்று எச்சரித்தது. ஒரு பகுதியில் வாழும் எல்லாக் குழந்தைகளும், சாதி, சமயம், வருமானம் என்ற வேறுபாடின்றி, அப்பகுதியிலுள்ள ஒரே பள்ளியில் படிக்கும் அருகமைப் பள்ளி முறையை அது பரிந்துரைத்தது. பொதுப் பள்ளி முறை என்ற அந்த இலக்கை 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஏற்றது. ஏற்றதோடு நின்றது.

நடைமுறை வேறு திசையில் சென்றது. தில்லி பள்ளிக் கல்வி விதிகள் 1973இல் வெளிவந்தன. அவற்றின் 145ஆம் விதி, அரசு உதவி பெறாத அங்கீகரிக்கப்பட்ட பள்ளியின் தலைவர், சேர்க்கைத் தேர்வின் அடிப்படையிலோ முந்தைய வகுப்பின் தேர்ச்சியின் அடிப்படையிலோ சேர்க்கையை ஒழுங்குபடுத்தலாம் என்றது. முந்தைய வகுப்பு என்று ஒன்றே இல்லாத மூன்று வயதுக் குழந்தைக்கு எஞ்சியது தேர்வு மட்டும்தான்.

*

இவ்வாறு உருவான நேர்காணலுக்கு வீடுகள் ஆயத்தமான விதம் தனி ஆய்வுக்குரியது. பல மாதங்களுக்கு முன்பே ஒத்திகை தொடங்கிவிடும். நிறங்கள், வடிவங்கள், பழங்கள், உடல் உறுப்புகள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் குழந்தை மனப்பாடம் செய்யும். தன் பெயர், தந்தையின் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தயக்கமின்றிச் சொல்லப் பழகும். அறிமுகமற்றோர் முன் ஒரு பாட்டையேனும் பாடிக் காட்டும். தாயின் கையை விட்டுத் தனியே ஓர் அறைக்குள் நடந்து செல்வதற்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் குழந்தையோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டனர். விளையாட்டுப் பள்ளிகள் தோன்றி, எந்தெந்தப் பெரிய பள்ளிகளில் தம் குழந்தைகளுக்கு இடம் கிடைத்தது என்பதையே விளம்பரமாக்கின. மழலையர் பள்ளியில் சேர்வதற்கு முன் மற்றொரு மழலையர் பள்ளி தேவைப்பட்டது.

இந்த ஆயத்தத்தில் பெற்றோருக்கும் பாடம் இருந்தது. உங்கள் தொழில் என்ன, குழந்தையோடு நாள்தோறும் எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள், எங்கள் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விகளுக்கு அவர்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலம் தடுமாறும் தாய், தன் தடுமாற்றத்தால் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடுமோ என்று அஞ்சினாள்.

கரோல் பாக்கிலோ இராமகிருஷ்ணாபுரத்திலோ வாழ்ந்த ஒரு தமிழ் எழுத்தரின் வீட்டை எண்ணிப் பார்த்தால் இதன் உட்பொருள் விளங்கும். மாட்டின் படத்தைக் காட்டினால் அக்குழந்தை ‘மாடு’ என்று சரியாகவே சொல்லியிருக்கும். பஞ்சாபியோ மைதிலியோ பேசும் வீட்டுக் குழந்தையும் தன் மொழியில் சரியான விடையையே சொல்லியிருக்கும். ஆசிரியை எதிர்பார்த்ததோ ‘கவ்’ என்ற சொல். மாட்டை அடையாளம் காணும் அறிவு எல்லாக் குழந்தைகளிடமும் இருந்தது. அந்த ஒரு சொல் சில வீடுகளில் மட்டுமே இருந்தது. நேர்காணல் அளந்தது குழந்தையின் அறிவை என்று கூறப்பட்டது. உண்மையில் அளக்கப்பட்டவை வீட்டின் மொழி, தாயின் படிப்பு, தந்தையின் பதவி ஆகியவையே.

*

இதற்கு எதிரான முதல் பெரும் குரல் ஓர் எழுத்தாளருடையது எனலாம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ஆர். கே. நாராயண், 1989இல் அவையில் பேசும்போது, பள்ளிப் பையின் சுமையால் வளையும் குழந்தைகளைப் பற்றி முறையிட்டார். அந்த உரை எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக, 1992இல் இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் மைய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1993இல் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை பெரும்பாலும் பையின் எடையோடு தொடர்புபடுத்தியே நினைவுகூரப்படுகிறது. மழலையர் வகுப்புச் சேர்க்கைக்காக நடத்தப்படும் தேர்வுகளும் நேர்காணல்களும் ஒழிக்கப்பட வேண்டும் என்ற பரிந்துரையும் அதே அறிக்கையில் உள்ளது. பதினான்கு ஆண்டுகள் அது பரிந்துரையாகவே இருந்தது.

மாற்றம் நீதிமன்றத்தின் வழியாகவே வந்தது. தில்லி உயர்நீதிமன்றத்தில் 2004இல் பதிவான ஒரு மேல்முறையீட்டு வழக்கு, நர்சரி சேர்க்கையின் ஒழுங்கின்மையை நீதிபதிகளின் முன் கொண்டுவந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் அப்போதைய தலைவர் அசோக் கங்குலியின் தலைமையில் 2006இல் நீதிமன்றம் ஒரு குழுவை நியமித்தது. குழந்தையையும் பெற்றோரையும் நேர்காணுவதைக் கைவிட வேண்டும் என்று அக்குழு கூறியது. அதற்கு மாற்றாக ஒரு புள்ளி முறையை முன்வைத்தது. பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு, அதே பள்ளியில் படிக்கும் உடன்பிறந்தோர், பழைய மாணவரான பெற்றோர், பெற்றோரின் கல்வித் தகுதி முதலியவற்றுக்குப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. 2007 நவம்பரில் தில்லி அரசு பிறப்பித்த சேர்க்கை ஆணை, 20 விழுக்காடு இடங்களை நிர்வாக ஒதுக்கீடாகப் பள்ளிகளின் விருப்பத்துக்கு விட்டது.

இது பெரும் முன்னேற்றமே. மூன்று வயதுக் குழந்தை அந்த அறைக்குள் தனியே நடக்க வேண்டிய கொடுமை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதே வேளையில், நேர்காணல் மறைமுகமாகச் சோதித்தவற்றைப் புள்ளி முறை வெளிப்படையாக எழுதி வைத்தது. தாயின் பட்டம் முன்பு அவளுடைய பேச்சில் அளக்கப்பட்டது. இப்போது சான்றிதழில் அளக்கப்பட்டது.

*

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இச்சிக்கலின் வேரைத் தொட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் நடைமுறைக்கு உட்படுத்துவதைத் தடை செய்கிறது. மீறினால் முதன்முறை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். வடிகட்டுதல் என்பதற்குச் சட்டம் தரும் வரையறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு குழந்தையை விட மற்றொன்றுக்கு முன்னுரிமை தரும் எந்தத் தேர்வு முறையும் வடிகட்டுதலே. குலுக்கல் போன்ற தற்செயல் முறை ஒன்றுதான் விலக்கு. சிறு குழந்தைகளைத் தகுதி வரிசையில் நிறுத்த முடியாது என்பதை இந்தியச் சட்டம் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் அச்சட்டம் குழந்தை என்று குறிப்பது 6 முதல் 14 வயது வரையுள்ளோரை. தில்லிப் பள்ளிகளில் உண்மையான வாசல் நர்சரி வகுப்பு. முதல் வகுப்பில் அனேகமாக இடமே இருப்பதில்லை. இந்த இடைவெளி 2013 பிப்ரவரியில் தில்லி உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பில் முழுமையாக வெளிப்பட்டது. நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு இடங்களைத் தவிர, ஏனைய நர்சரி சேர்க்கைக்கு இச்சட்டம் பொருந்தாது என்று நீதிமன்றம் கூறியது. நர்சரி வகுப்பையும் சட்டத்தின்கீழ்க் கொண்டுவருவது பற்றி அரசு சிந்திக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

விளைவு வியப்புக்குரியது. ஒரே பள்ளியின் ஒரே வகுப்பில், ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களின் குழந்தைகள் நீண்ட காலம் குலுக்கலில் நுழைந்தனர். அவர்களுக்கு அருகே அமர்ந்த மற்றக் குழந்தைகள் பெற்றோரின் புள்ளிகளால் நுழைந்தனர். எல்லோரும் சமம் என்ற கொள்கை ஏழைகளுக்குள் மட்டும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

*

அடுத்த சில ஆண்டுகள் ஆணையும் தடையும் மாறி மாறி வந்த காலம். 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் நஜீப் ஜங் வெளியிட்ட நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டை நீக்கி, 100 புள்ளிகளில் 70ஐ அருகில் வசிப்போருக்கு அளித்தன. உடன்பிறந்தோருக்கு 20, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 5, வெளிமாநிலத்திலிருந்து பணிமாற்றத்தில் வந்தோரின் பிள்ளைகளுக்கு 5 என எஞ்சியவை பகிரப்பட்டன. 2014 நவம்பரில் உயர்நீதிமன்றம் இந்நெறிமுறைகளைச் செல்லாதென அறிவித்தது. அரசு உதவி பெறாத பள்ளிகளுக்குச் சேர்க்கையில் தன்னாட்சி உண்டு. பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை என்பன தீர்ப்பின் அடிப்படைகள்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நல்ல பள்ளிகள் நகரின் செல்வப் பகுதிகளில் குவிந்திருக்கும்போது, அருகமையை மட்டும் அளவுகோலாக்கினால், தொலைவிலுள்ள குடியிருப்பின் குழந்தை நிரந்தரமாக வெளியே நிற்கும். தென் தில்லியின் முகவரி என்பதும் வருமானத்தின் மறுபெயரே. கோத்தாரி குழு கண்ட அருகமைப் பள்ளி, எல்லாப் பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே தரமுள்ள பள்ளி இருக்கும் என்ற அடித்தளத்தின் மேல் நின்றது. அடித்தளம் இன்றிக் கூரையை மட்டும் ஏற்ற முயன்றபோது அது சரிந்தது.

ஆயினும் தன்னாட்சி எப்படிப் பயன்பட்டது என்பதற்கும் சான்று உண்டு. 2016 சனவரி 6 அன்று தில்லி அரசு நிர்வாக ஒதுக்கீட்டோடு, பள்ளிகள் கையாண்டுவந்த 62 அளவுகோல்களை நீக்கி ஆணையிட்டது. பெற்றோர் புகைபிடிப்பவரா, மது அருந்துபவரா, புலால் உண்பவரா, குழந்தை தலைப்பிள்ளையா என்பன போன்றவை அப்பட்டியலில் இருந்தன. மறு மாதமே உயர்நீதிமன்றம் நிர்வாக ஒதுக்கீட்டையும் அவற்றுள் 11 அளவுகோல்களையும் பொறுத்தவரை அந்த ஆணையை நிறுத்திவைத்தது. எஞ்சிய 51 அளவுகோல்களுக்கு அந்தப் பாதுகாப்புக்கூடக் கிட்டவில்லை என்பது கருதத்தக்கது.

2017இல் நிலப் பத்திரங்களில் உறங்கிய அந்தப் பழைய வரி விழித்தது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் நிலத்தில் இயங்கும் 298 பள்ளிகள் அருகில் வசிப்போருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று அரசு அறிவித்தது. அவ்வறிவிப்பையும் பிப்ரவரியில் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நர்சரியிலும் வடிகட்டுதலைத் தடை செய்வதற்காகத் தில்லி சட்டமன்றம் 2015இல் நிறைவேற்றிய திருத்த மசோதா, ஆண்டுகள் பல கடந்தும் சட்டமாகவில்லை. அதனை விரைவுபடுத்தக் கோரிய பொதுநல மனுவை 2023இல் உயர்நீதிமன்றமும், பின்னர் உச்சநீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. சட்டம் இயற்றுமாறு நீதிமன்றம் கட்டளையிட இயலாது என்பது காரணம். மசோதா நிறைவேறிய ஆண்டில் பிறந்த குழந்தைகள் அப்போது நர்சரியைக் கடந்து நடுநிலை வகுப்புகளை நெருங்கிக்கொண்டிருந்தனர்.

*

அரை நூற்றாண்டின் இந்த வரலாற்றில் ஒவ்வொரு சீர்திருத்தமும் தேர்வை இடம் மாற்றியிருக்கிறது. முதலில் குழந்தை விடை சொன்னது. பின்பு பெற்றோரின் பட்டம் விடை சொன்னது. அதன் பின் வாடகை ஒப்பந்தமும் முகவரிச் சான்றும் விடை சொல்கின்றன. ஆயத்தமும் அவற்றின் பின்னே சென்றது. ஒருகாலத்தில் நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்த பெற்றோர், இப்போது குழந்தை பிறந்ததும் பள்ளிக்கு அருகே வீடு தேடுகிறார்கள். கிலோமீட்டர் கணக்கிட்டுக் குடிபெயர்கிறார்கள். அவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது நீதியன்று. இடங்கள் சிலவும் விரும்புவோர் பலருமாக இருக்கும்வரை, விதி எதுவாயினும் அதற்கு ஆயத்தமாவதே பெற்றோரின் இயல்பு.

புள்ளிகள் சமமாகும்போது இன்றும் தில்லிப் பள்ளிகளில் பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கப்படுகிறது. தங்கள் பிள்ளையின் விதியை ஒரு சீட்டு தீர்மானிப்பதா என்று பலர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானது. எனினும் இந்த நெடிய வரலாற்றில் குழந்தையைப் பற்றிப் பொய் கூறாத ஒரே முறை அந்தச் சீட்டுதான். இக்குழந்தை தேறியது, அக்குழந்தை தேறவில்லை என்று அது சொல்வதில்லை. இடம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

இடம் இல்லை என்பது குழந்தையின் குறை அன்று. தன் தெருவிலுள்ள பள்ளியை எந்தப் பெற்றோரும் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கும் நிலை வரும்வரை, 1966இல் கோத்தாரி குழு எழுதிவைத்த வேலை முடிவடையாது. அதுவரை நர்சரி வாசலில் தேறாமல் திரும்புவது குழந்தை அன்று. அந்த வேலையை முடிக்காத அரசும் சமூகமுமே.